தோற்ற திட்டத்தைச் சக ஊழியரோடு அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திட்டம் தோற்ற பிறகு, அதை நடத்தியவரோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு நம் சென்னை அலுவலகங்களில் பெரும்பாலும் அண்மையில் குழுத் தலைவராக உயர்ந்தவரிடமே வந்து சேர்கிறது. தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் திட்ட மேலாளராக வேலை பார்த்த ஆண்டுகளில் இத்தகைய உரையாடல்களை நானே நடத்தியிருக்கிறேன், பிறர் நடத்தும்போது உடனிருந்து கவனித்தும் இருக்கிறேன். எங்கள் தலைமுறை பொறுப்பேற்ற புதிதில் செய்த அதே பிழைகளை இப்போது வருபவர்களும் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். கத்தக் கூடாது, பலர் முன்னிலையில் குறை சொல்லக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆறுதல் சொல்லி முடித்துவிடுவது

"நடந்தது நடந்துபோச்சு, விடுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது அன்பான செயல்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமை முன்னே நிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றதை நம் அலுவலகக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கடுத்து நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. தோல்விக்கான காரணத்தைத் தேடியவர்கள் ராக்கெட்டின் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு வரை சென்று, அங்கே ஏற்பட்ட கசிவைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகுதான் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. தவானின் பெருந்தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தேடலை விட்டுவிடுவது நியாயமில்லை.

முடிவைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து படிப்பது

இன்றைக்கும் எனக்குப் பொறுக்காத தவறு இதுதான். அம்பத்தூரிலும் மாதவரத்திலும் கிடங்கு வைத்திருக்கும் வாகன உதிரிபாக விநியோகஸ்தர் ஒருவருக்குச் சரக்கு இருப்பு மென்பொருள் அமைத்துக் கொடுத்தோம். ஆயுத பூஜைக்குச் சற்று முன்பு பயன்பாட்டுக்கு வந்த அந்த மென்பொருள் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது; திரையில் தெரிந்த எண்ணிக்கைக்கும் ராக்கில் இருந்த சரக்குக்கும் சம்பந்தமே இல்லாததால், கிடங்கு ஊழியர்கள் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். மாதவரத்தில் பேரிங்குகளைப் பெட்டிக் கணக்கிலும், அம்பத்தூரில் ஒவ்வொன்றாகவும் பதிந்து வந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

திட்டத்தை நடத்திய இளம்பெண்ணிடம் அவருடைய குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி, "மாதிரித் தரவைப் பார்த்தபோதே தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்பது. "ஆமாம் சார், என் தப்புதான். அப்பவே எஸ்கலேட் பண்ணியிருக்கணும்", அதாவது மேலதிகாரிகளிடம் கொண்டுபோயிருக்க வேண்டும், என்றார் அவர். இருவருக்கும் திருப்தி. அறிக்கையில் 'பிரச்சினைகளை உடனுக்குடன் எஸ்கலேட் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி ஏறியது, கோப்பு மூடப்பட்டது.

மன்னிப்புக் கேட்டதைக் கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் கேடு. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாளைப் படிப்பவருக்கு எல்லா வினாவும் எளிதாகவே தெரியும். உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் 1814-இல் மூண்ட போரைப் பற்றிய ஒரே குறிப்பைப் பலரிடம் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவைச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ, அதுவே நடந்திருக்கக்கூடியது என்று அவரவரும் கருதினார்கள். முடிவு தெரியாதது போல எண்ணிப் பதில் சொல்லச் சொன்னபோதும் அவர்களால் அதை மனத்திலிருந்து விலக்க முடியவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக்கும் திறமை குழுத் தலைவர்களுக்கு மட்டும் தனியாக வாய்த்துவிடவில்லை.

ஆகவே நினைவை நம்பாமல் எழுத்தை நம்ப வேண்டும். அந்தப் பெண்ணோடு நான் மறுபடி உட்கார்ந்தபோது, மின்னஞ்சல்களைத் தேதி வரிசையில் திறக்கச் சொன்னேன். ஒரு வாரத்தைப் படித்து முடித்து, அந்த வாரம் என்ன தெரிந்திருந்தது என்று எழுதும் வரை அடுத்த வாரத்துக்குப் போகக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. தொடக்கத்திலேயே அவர் எழுதிய மின்னஞ்சல் ஒன்று கிடைத்தது: இரண்டு கிடங்கிலும் அலகு ஒன்றுதானா என்று வாடிக்கையாளரிடம் கேட்டிருந்தார். ஒன்றுதான் என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அனுப்பியவர் கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர். பில்லில் எப்போதும் ஒவ்வொன்றாகவே விலை போடுவதால், அவர் பார்வையில் அந்தப் பதில் சரியானதே. சரக்கை இறக்கி அடுக்கும் ஸ்டோர் கீப்பரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் கேள்வியையே கேட்கவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில் கேட்டிருந்தார், பதிலும் பெற்றிருந்தார். எஸ்கலேட் செய்ய அன்றைக்கு அவரிடம் காரணமே இல்லை. அறிக்கையில் ஏறிய அந்த வரியைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த திட்டத்தில் சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் மேலே அனுப்பிக்கொண்டும், சரக்கைப் பற்றிய கேள்வியை மறுபடியும் கணக்குப் பிரிவிடமே கேட்டுக்கொண்டும் இருந்திருப்பார். அமெரிக்க ராணுவம் 1970-களில் உருவாக்கிய அலசல் முறையில், என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம், என்ன நடந்தது என்ற இரண்டையும் முடித்த பிறகே ஏன் என்ற கேள்விக்கு வருவார்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் வரும் "என் தப்புதான்" என்பதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பதிலாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

சொந்த வெற்றிக் கதையைச் சொல்வது

வேண்டாம்.

அப்ரைசலோடு கலப்பது

நம்பிச் சொன்ன ஒரு வாக்கியம் வேலை மதிப்பீட்டில் தரும் ரேட்டிங்குக்குக் காரணமாகக் காட்டப்பட்டால், சொன்னவர் மட்டுமல்ல, அவருக்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதன் பிறகு உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள்.

பாடங்களை அடுக்குவது

நீளமான பட்டியலை அலுவலகம் பாராட்டும், ஆனால் அடுத்த திட்டத்தில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதை எழுதும் இடத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். அந்தப் பெண் தம் அடுத்த திட்டத்தின் அட்டவணையில், தரவு பெறும் நாளுக்கு முன்பாக, 'சரக்கைக் கையாள்பவரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே சந்தித்தல்' என்ற வரியைச் சேர்த்தார். அந்த வரிக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அன்றைக்கு அவரை வேறு கூட்டம் எதற்கும் இழுக்காமல் கிடங்குக்கு அனுப்பி வைப்பது குழுத் தலைவரின் வேலை.