ஊரியையும் நண்டையும் போத்தலில் கெடாமல் வைப்பது எப்படி?

மட்டக்களப்பு கல்லடியில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மணலில் மிஞ்சிக் கிடக்கும் சின்ன நண்டு, ஊரி (ஓடுள்ள கடல் நத்தை), கடல் நட்சத்திரம் இவைதான் நமக்கு வேண்டியவை. வலைக்கார அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பவளப்பாறைத் துண்டை மட்டும் தொடாதீர்கள், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சங்கும் கடலட்டையும் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆகவே அவையும் வேண்டாம்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. பிளாஸ்டிக் மூடி போட்ட அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தல் (தகர மூடி துருப்பிடித்துவிடும்), எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று), ஸ்பிரிட் (எதனோல் மதுசாரம்), பென்சில், தடித்த தாள், ஒரு வாளி கடல்நீர்.

முதல் வேலை, படம் எடுப்பது. ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும். நண்டின் காலில் இருந்த நீலம் உங்கள் படத்தில் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது மயக்குவது. இதற்குத்தான் பொறுமை வேண்டும். நான் முதன்முதலில் ஒரு ஊரியை உயிரோடு அப்படியே ஸ்பிரிட்டில் போட்டேன். அது உள்ளே சுருங்கி வாயை இறுக மூடிக்கொண்டது. ஸ்பிரிட் உள்ளே போகவில்லை, நான்காம் நாள் போத்தலைத் திறந்தால் அழுகல் நாற்றம். ஒரு உயிரை வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரியான முறை இதுதான். ஒரு லீற்றர் கடல்நீரில் ஊரியை விடுங்கள். அது பாதத்தை வெளியே நீட்டி ஊரத் தொடங்கட்டும். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பை மெதுவாகக் கரைத்து விடுங்கள். அதிலுள்ள மக்னீசியம் நரம்பையும் தசையையும் தளர்த்தும். சில மணி நேரம் பிடிக்கும், பெரிய ஊரி என்றால் இரவு முழுக்கவும் ஆகலாம். நம் வெயிலில் தண்ணீர் சூடாகிவிடும், அதனால் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பாதத்தை ஊசியால் தொட்டுப் பாருங்கள். அசையாவிட்டால் மட்டுமே அடுத்த படி.

நண்டுக்கு உப்பு வேண்டாம், குளிரே போதும். ஃப்ரீசரில் வைத்து முற்றாக அசைவு நின்றபின் எடுங்கள். உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் அது கால்களைக் கழற்றிவிடும்.

பிறகு 70 சதவீத ஸ்பிரிட். பாமசியில் வாங்கும்போது அளவை லேபிளில் பாருங்கள். 95 சதவீதம் கிடைத்தால், 70 மில்லிலீற்றர் எடுத்து 25 மில்லிலீற்றர் வடித்த நீர் சேர்த்தால் சரியாக வரும். கடல்நீர் சேர்க்காதீர்கள், உப்பு வெள்ளையாகப் படியும். உயிரின் பருமனைப் போல் மூன்று மடங்காவது ஸ்பிரிட் இருக்கட்டும். உடலிலுள்ள நீர் அதில் கலந்து வலு குறைவதால், மறுநாள் பழையதை ஊற்றிவிட்டுப் புதியதை விடுங்கள். நண்டுப் போத்தலில் கொஞ்சம் கிளிசரின் விட்டால் மூட்டுகள் முறியாது. பெரிய நண்டானால் மூட்டு இடுக்கில் ஊசியால் ஸ்பிரிட் ஏற்ற வேண்டும்.

கடல் நட்சத்திரத்தை இரண்டு நாள் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பலகையில் கைகளை விரித்து நிழலில் காயவிட்டாலும் போதும்.

லேபிளைப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். “கல்லடி, கரைவலை, மணல் அடி”, திகதி, எடுத்தவர் பெயர். எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத ஊரி வெறும் ஓடுதான், அதிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது.

சொறிமுட்டை (ஜெலி மீன்) ஸ்பிரிட்டில் சுருங்கிப்போகும். அதற்கு ஃபோமலின் வேண்டும், அது புற்றுநோய் வரவைக்கக்கூடிய நச்சு. வீட்டில் முயலவே வேண்டாம், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் போல ஆய்வுகூடம் உள்ள இடத்துக்கு விட்டுவிடுங்கள்.

போத்தல்களை அடுப்படிக்கும் வெயிலுக்கும் தூரமாக வையுங்கள், ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிவிடுங்கள்.