வெளிக்காற்று டாம்பர்: திரையில் தெரியும் சிஎஃப்எம்மைச் சரிபார்ப்பது எப்படி?

பெரிய கட்டடங்களில் ஏசி, உள்ளே இருக்கும் காற்றையேதான் பெரும்பாலும் சுற்றவிட்டுக் குளிர்விக்கும். ஆட்களுக்கு வேண்டிய புதுக்காற்று வெளிக்காற்று டாம்பர் (மோட்டாரால் திறந்து மூடும் தகட்டுக் கதவு) வழியாக ஏஎச்யூவுக்குள், அதாவது காற்றைக் குளிர்வித்து அனுப்பும் பெட்டிக்குள் வரும். எவ்வளவு வருகிறது என்று பிஎம்எஸ் (கட்டடத்தின் இயந்திரங்களைக் கண்காணிக்கும் கணினி) திரை சிஎஃப்எம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று, ஓர் எண் காட்டும். அந்த எண் சரிதானா என்று பார்ப்பதுதான் நம் வேலை. டாம்பர் 20 சதவீதம் திறந்தால் காற்றும் 20 சதவீதம் வரும் என்று நினைக்காதீர்கள், அப்படி வராது.

மீட்டரை எடுக்கும் முன் டாம்பரைப் பாருங்கள். தண்டின் முனையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, திரையிலிருந்து 0, 50, 100 என்று கட்டளை கொடுங்கள். கோடு கூடவே திரும்ப வேண்டும். சேலத்தில் ஓரிடத்தில் அரை நாள் மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கூட வந்த பையன்தான், "அண்ணே, மோட்டார் சுத்துது, தண்டு சும்மா நிக்குது" என்றான். கிளாம்ப் நட்டு லூஸ்!

அடுத்தது பூஜ்ஜியம். திரையில் வரும் எண், காற்றோட்டத்தின் அழுத்தத்தை அளந்து அனுப்பும் அழுத்த டிரான்ஸ்மிட்டரிலிருந்துதான் வருகிறது. அதன் இரண்டு டியூப்களையும் கழற்றிவிட்டால் 0 பாஸ்கல் காட்ட வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் கிடைக்கும் அழுத்தம் 15 பாஸ்கல். வேகம் 2 மீட்டராகக் குறைந்தால் வெறும் 2.4 பாஸ்கல். 250 பாஸ்கல் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டரில் 1 சதவீதப் பிழை என்றாலே 2.5 பாஸ்கல். அளக்க வந்ததைவிடப் பிழை பெரிது! அங்கே எவ்வளவு கேலிபரேஷன் செய்தும் பயனில்லை. சிறிய ரேஞ்ச் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள்.

இனி நிஜ அளவு. ஃபில்டர் சுத்தமாக இருக்கட்டும், ஃபேன் வேகத்தை மாறாமல் நிறுத்திவையுங்கள். டக்ட்டில் (காற்று போகும் தகட்டுக் குழாய்) நேராக ஓடும் பகுதியில் துளை போட்டு, குறுக்கே 25 இடங்களில் பிட்டோ குழாயால் (காற்றின் வேகத்தால் வரும் அழுத்தத்தை எடுக்கும் மெல்லிய குழாய்) அளக்கவும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: அழுத்தங்களுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் வேகமாக மாற்றி, பிறகுதான் சராசரி.

வேகமாக மாற்ற, அழுத்தத்தை 2 ஆல் பெருக்கி, காற்றின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கவும். புத்தகத்தில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்றிருக்கும். சேலத்தில் 35 டிகிரியில் அது சுமார் 1.11. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால், 1,500 மீட்டர் உயரத்தில், 20 டிகிரியில் ஏறத்தாழ 1.0. அங்கே 1.2 என்றே போட்டால் வேகம் 9 சதவீதம் குறைவாகத் தெரியும். கீழே செட் செய்த மீட்டரை மேலே கொண்டுபோய் அப்படியே மாட்டுவது இதனால்தான் ஆகாது.

ஒரு கணக்கு. டக்ட் 600க்கு 500 மில்லிமீட்டர், பரப்பு 0.3 சதுர மீட்டர். சராசரி வேகம் 2.5 என்றால் நொடிக்கு 0.75 கன மீட்டர், அதாவது சுமார் 1,590 சிஎஃப்எம். திரை 1,850 காட்டுகிறதா? 1,590ஐ 1,850ஆல் வகுத்தால் 0.86. பிஎம்எஸ்ஸில் இருக்கும் கே எண்ணை (அழுத்தத்திலிருந்து காற்றளவைக் கணக்கிடும் பெருக்கு எண்) 0.86 ஆல் பெருக்கிப் போடுங்கள். டாம்பரைக் குறைந்தபட்சம், பாதி, முழுசு என மூன்று நிலைகளிலும் வைத்து மறுபடி பாருங்கள். முழுசில் பொருந்தி, குறைந்தபட்சத்தில் மட்டும் விலகினால் பூஜ்ஜியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கடைசியாக வெப்பமானியால் ஒரு குறுக்குச் சோதனை. வெளியே 38 டிகிரி, உள்ளிருந்து திரும்பும் காற்று 24, இரண்டும் கலந்தது 27 என்றால் வித்தியாசம் 14க்கு 3, அதாவது சுமார் 21 சதவீதம் வெளிக்காற்று. சேலத்து மே மாத மதியத்தில் இது அருமையாக வேலை செய்யும். ஏற்காட்டில் உள்ளேயும் 24, வெளியேயும் 24 என்றிருக்கும் நாளில் வெப்பமானியைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

பழைய கே எண், புதியது, தேதி மூன்றையும் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.