தெர்மாகோல் ஊசியைக் கீழே போடுங்கள்: கறிக்கோழிப் போராட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபது பிள்ளைகள் பதாகையோடு நின்றார்கள். எல்லாம் கல்லூரி வயசு. நடுவில் ஒரு பையன் ஆள் உயரத்துக்குத் தெர்மாகோலில் ஊசி செய்து தூக்கிப் பிடித்திருந்தான். மேலே சிவப்பு எழுத்தில் ‘ஹார்மோன்’. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே ஊசியை 2016-ல் நான் நோட்டீஸில் படமாகப் போட்டவன். அன்றைக்கு அந்தப் பையனிடம் பேச முடியவில்லை, போலீஸ் கலையச் சொல்லிவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அனுமதி வாங்குங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் இன்ஸ்பெக்டர் சொல்லித் தருவார்.

ஊசிக் கதை

பல்லடம் பக்கம் ஒரு கிராமம். சுற்றிலும் கறிக்கோழி ஷெட்டுகள். செத்த கோழிகளைத் தீவனச் சாக்கில் கட்டி ஓடையில் வீசிவிட்டுப் போகிறார்கள், சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கிறது என்று ஊர்க்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் ஆறு பேர். நோட்டீஸ் அடித்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது என்று முடிவானது. கோரிக்கைகள் நான்கு: செத்த கோழியைப் புதைக்க முறையான குழி, தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்துவது, கோழிக்கு நிற்கவாவது இடம், கூலிக்கு வளர்க்கும் விவசாயிக்கு ஒழுங்கான ஒப்பந்தம். நான்கும் உண்மை, நான்குக்கும் கையில் ஆதாரம் இருந்தது.

அப்புறம் நான் சொன்னேன், “முதல் வரி நறுக்குனு இருக்கணும்.” முதல் வரியை நானே எழுதினேன்: ‘ஹார்மோன் ஊசி போட்ட கோழியை உங்கள் குழந்தைக்குக் கொடுக்கிறீர்களா?’ மூவாயிரம் பிரதி.

மனு விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். நோட்டீஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார்.

“தம்பி, ஒரு ஷெட்டுல எத்தனை கோழி இருக்கும்?”

“ஐயாயிரம்ங்க.”

“ஊசி ஒரு தடவையா, தினமுமா?”

எனக்குத் தெரியவில்லை. “தினமும்னு கேள்விப்பட்டோம்ங்க” என்றேன்.

“ஐயாயிரம் கோழியைத் தினமும் பிடிச்சு ஊசி போட எத்தனை ஆளு வேணும்? அவங்களுக்கு என்ன சம்பளம்? கோழி என்ன விலைக்கு விக்குது?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எங்களோடு வந்திருந்த அக்கா ஒருவர், ஓடையில் மிதந்த சாக்குகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அவர் எழுந்து பேசும்போது அடுத்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் அந்த அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. எரிச்சல் மருத்துவர் மேல் இல்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றில் செரித்துப் போய்விடும், ஊசியாகத்தான் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவுக்குக் கோழி விலை கட்டாது. கைபேசியில் சுற்றி வரும் ஊசி வீடியோக்களில் பல, தடுப்பூசி போடும் காட்சிகள். பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தரும் லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக்கூடப் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவோ குடிதண்ணீரிலோதான் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி வருகிறது? உண்மையான விஷயமே இங்கேதான் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் ஒரே தீவனம், ஒரே பராமரிப்பு. 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் வருஷத்து இனம் 905 கிராம். 1978 இனம் 1,808 கிராம். 2005 இனம் 4,202 கிராம். ஒரு ஊசியும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனவிருத்தி செய்தே அந்த எடையை உடம்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஊசி என்றால் போடாமல் நிறுத்திவிடலாம். இதை எப்படி நிறுத்துவது?

அந்த உடம்பை நீங்களே பார்க்கலாம், ராத்திரியில் சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கறிக்கடைக் கூண்டில் இருக்கும் கோழியின் கால் முட்டியைப் பாருங்கள். நிறைய கோழிகளுக்கு அங்கே கறுப்பாக ஒரு வடு இருக்கும். கடைசி வாரத்தில் உடம்பு கனத்து, நடக்க மாட்டாமல் தரையில் உட்கார்ந்தே கிடக்கும். கீழே விரித்த தேங்காய் நார்த்தூள் எச்சத்தில் நனைந்து அமோனியா கிளம்பும். அது சுட்ட புண் அது. நெஞ்சுப் பக்கம் இறகு தேய்ந்து தோல் சிவந்திருப்பதும் அதனால்தான். நாற்பது நாள் குஞ்சு அது. கீச்சுக் குரல்கூட முழுசாக மாறியிருக்காது. தெர்மாகோல் ஊசிக்குப் பதிலாக அந்தக் காலைப் படம் எடுத்துப் பதாகையில் போடுங்கள். எந்த மருத்துவர் வந்தாலும் மறுக்க முடியாது.

ஆன்டிபயாடிக் விஷயமும் அப்படியே வீணானது. வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினைக் கோழி எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசே அதைத் தடை செய்தது. எங்கள் 2016 நோட்டீஸில் அது நான்காவது பத்தியில் இருந்தது. யாரும் அதுவரை படிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லண்டனில் இரண்டு போராளிகள், ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ். மெக்டொனால்ட்ஸைக் கண்டித்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காக அந்த நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. 313 நாள் விசாரணை. 1997 தீர்ப்பில், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதில் நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார், அவர்களால் அதை நிரூபிக்க முடிந்தது. நிரூபிக்க முடியாமல் போன வரிகளுக்காக 60,000 பவுண்ட் இழப்பீடு விதித்தார். அது மேல்முறையீட்டில் 40,000 ஆனது. அவர்கள் பணம் கட்டவில்லை, பிறகு 2005-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், எல்லாம் சரி. ஆனால் வக்கீல் வைக்கக் காசில்லாமல் அத்தனை வருஷம் கோர்ட்டில் நிற்கும் நெஞ்சுரம் நமக்கு இருக்கிறதா என்று நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிரி யார் என்று தெரியாமல் நிற்பது

எங்கள் நோட்டீஸைப் பார்த்து முதலில் சண்டைக்கு வந்தவர் நிறுவன முதலாளி இல்லை, கூலிக்கு வளர்க்கும் ஒரு விவசாயி. “ஏனுங்க தம்பி, குஞ்சு அவங்களுது, தீவனம் அவங்களுது, மருந்து அவங்களுது. ஷெட்டும் கரண்ட் பில்லும் கடனும்தான் என்னுது. என்னை எதுக்குங்க கொலைகாரன்னு போட்டிருக்கீங்க?” என்றார். பதில் இல்லை. கோழியும் அவருடையது இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி அவர்களே பல தடவை போராடியிருக்கிறார்கள்.

2020 தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பி விலை பாதாளத்துக்குப் போனது நினைவிருக்கும். நிறுவனம் அடுத்த குஞ்சு இறக்காவிட்டால் ஷெட் காலி, கூலியும் இல்லை. நாம் பொய் சொன்னாலும் முதல் அடி அவருக்குத்தான். கறிக்கடை பாயும் அப்படியே. அவரைப் பார்த்துக் கோஷம் போடுவதால் நிறுவனத்துக்கு ஒரு இறகும் உதிராது.

“சைவத்துக்கு மாறுங்கள்”

இந்த வாக்கியத்தை மேடையில் சொல்லாதீர்கள். நமக்கு அது உணவுப் பழக்கம். கேட்பவருக்கு, ‘சைவர்களுக்கு மட்டும் வீடு வாடகைக்கு’ என்ற பலகை. வீடு தேடி அலைந்து திரும்பி வந்தவரிடம் போய் அதே வார்த்தையைச் சொன்னால் சாதியைத்தான் கேட்பார், கோழியைக் கேட்க மாட்டார். அதேபோல் மாட்டிறைச்சியை மட்டும் எதிர்க்கிற ஆட்கள் சால்வையோடு வந்து போட்டோவுக்கு நிற்பார்கள். மரியாதையாக அனுப்பிவிடுங்கள். நம் சண்டை ஐயாயிரம் கோழியை ஒரு கொட்டகையில் அடைக்கும் தொழிலோடு. (என் அம்மா இன்னும் நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிறார். நான் ரசம் ஊற்றிக்கொள்கிறேன். வீட்டில் சண்டை இல்லை.)

சட்டம் படிக்காமல் போவது

1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. முட்டைக்கோழிக் கூண்டு பற்றிச் சட்ட ஆணையம் 2017-ல் தனி அறிக்கையே கொடுத்தது, எண் 269. ஐரோப்பிய யூனியன் பழைய மாதிரி கூண்டுகளை 2012 ஜனவரி 1 முதல் ஒழித்துவிட்டது. நாமக்கல் பக்கம் போகிறவர்கள் இந்த மூன்றையும் தாளில் எடுத்துப் போங்கள்.

லாரி முன்னால் நிற்பது

2020 ஜூனில் கனடாவின் பர்லிங்டனில், இறைச்சிக்கூடத்துக்குப் பன்றி ஏற்றி வந்த லாரி மோதி ஒரு போராளி இறந்தார். ஓரமாக நில்லுங்கள்.

சிவப்புச் சாயம்

ஊற்றாதீர்கள். துப்புரவுத் தொழிலாளிதான் கழுவுகிறார்.

ஒரே செருப்பில் இரண்டு பண்ணை

கூடவே கூடாது. நோய் பரவினால் உங்களால் என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஞாயிறு காலை

கடை முன்னால் நோட்டீஸ் கொடுக்க இதைவிட மோசமான நேரம் இல்லை. வரிசையில் நிற்பவர் வீட்டில் இஞ்சி பூண்டு அரைத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். புதன்கிழமை மத்தியானம் போங்கள். கடைக்காரரே ஸ்டூல் எடுத்துப் போடுவார். அந்தக் கால் முட்டியைக் காட்டி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.