பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளை வைத்து ஒரு போர் விமானியைப் பற்றி எழுதுவது எப்படி

போன வருடம் சுதந்திர தினத்துக்குக் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு பள்ளியில் கொடியேற்ற, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் ஒருவர் வந்திருந்தார். வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ். அவர் படத்துக்குக் கீழே ‘பரம் வீர் சக்ரா பெற்ற மாவீரரே வருக’ என்று கொட்டை எழுத்தில் வாசகம். அவர் பெற்றதோ பரம் விசிஷ்ட சேவா பதக்கம். மைக் கைக்கு வந்ததும் மனிதர் முதல் வேலையாக அதைத்தான் திருத்தினார், அதுவும் சிரித்துக்கொண்டே: அந்தச் சக்ராவை விமானப்படையில் ஒரே ஒருவர்தான் வாங்கியிருக்கிறார், அவரும் உயிரோடு இல்லை என்று. வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். பின் வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சொன்ன அந்த ஒருவர் நிர்மல் ஜித் சிங் சேகான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலேயே தன் நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சண்டையிட்டு உயிரை விட்டவர். பதவி வெறும் ஃபிளையிங் ஆஃபீசர். ஒரு எழுத்துப் பிழையில் அவருடைய விருதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், விழா மலர், வரவேற்பு மடல், பேச்சுப்போட்டி என எதற்கு எழுதினாலும் உதவும்.

முதலில் பதவியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நம் விமானப்படையில் ‘ஜெனரல்’ என்ற பதவியே கிடையாது. ஏர் கமடோர் என்றால் தரைப்படையின் பிரிகேடியருக்குச் சமம், ஏர் வைஸ் மார்ஷல் மேஜர் ஜெனரலுக்கு, ஏர் மார்ஷல் லெப்டினென்ட் ஜெனரலுக்கு, ஏர் சீஃப் மார்ஷல் ஜெனரலுக்கு. குரூப் கேப்டன் என்பதைச் சுருக்கி ‘கேப்டன்’ என்று போட்டுவிடாதீர்கள், அது கர்னலுக்குச் சமமான பதவி, தரைப்படைக் கேப்டனோ மூன்று படி கீழே. விங் கமாண்டர், குரூப் கேப்டனுக்கு ஒரு படி கீழ். பெயரைக் கேட்டால் கமாண்டர்தான் பெரியவர் மாதிரி தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்து, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, அதாவது விருதுகளின் ஆங்கிலச் சுருக்கங்களை, ஒரு தாளில் எழுதி இரண்டு கூறாகப் பிரியுங்கள். ஒன்று வீரத்துக்கு, இன்னொன்று சேவைக்கு. எதிரியின் முன் நின்று காட்டிய வீரத்துக்குப் பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்கள். எதிரி எதிரில் இல்லாதபோது காட்டிய துணிச்சலுக்கு அசோக், கீர்த்தி, சௌரிய சக்ராக்கள். சேவைக் கூறில் பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா பதக்கங்கள். போர்க்காலச் சேவை என்றால் சர்வோத்தம், உத்தம் என்ற அடைமொழிகளோடும் அடைமொழி இல்லாமலும் மூன்று யுத்த சேவா பதக்கங்கள். விசிஷ்ட என்றால் சிறப்பான என்றுதான் பொருள். நீண்ட காலம் பெரிய பொறுப்பைத் திறம்படச் சுமந்ததற்குத் தருவது, அதை ‘வீரப்பதக்கம்’ என்று எழுதினால் வாங்கியவருக்கே சங்கடம். வாயு சேனா பதக்கம் மட்டும் இரண்டு கூறிலும் விழும். வீரத்துக்கும் தருவார்கள், கடமைப்பற்றுக்கும் தருவார்கள், ஆனால் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் வி.எம். என்று ஒரே மாதிரிதான் நிற்கும். எதற்காக என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஏ.டி.சி. என்று கடைசியில் நின்றால் அதைப் பதக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடியரசுத் தலைவருக்குக் கௌரவ உதவி அதிகாரி (எய்ட்-டி-கேம்ப்) என்ற பொறுப்பு அது. என் ஃபிளெக்ஸில் இதையும் ஒரு விருதாக எண்ணியிருந்தேன், நல்லவேளை அவர் அதைச் சொல்லவில்லை.

பலரும் சறுக்கும் இடம் இனிமேல்தான். எழுத்துகள் நிற்கும் வரிசையை அரசு வகுத்திருக்கிறது. அதில் காலவரிசையும் தெரியாது, எது அதிக வீரம் என்றும் தெரியாது. ஏர் மார்ஷல் டென்சில் கீலரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்.எம்., கே.சி., ஏ.வி.எஸ்.எம்., வி.ஆர்.சி. என்று வரும், அதாவது பரம் விசிஷ்ட சேவா பதக்கம், கீர்த்தி சக்ரா, அதி விசிஷ்ட சேவா பதக்கம், வீர் சக்ரா. கடைசியில் ஒதுங்கி நிற்கிற அந்த வீர் சக்ராதான் காலத்தால் முதலாவது. 1965 போரில் நாட் விமானத்தில் பறந்து வாங்கியது. அதே போரில் அவர் தம்பி டிரெவர் கீலரும் அதே விமானத்தில் பறந்து அதே சக்ராவை வாங்கினார், ஒரே வீட்டில் இரண்டு. முதலில் நிற்கிற பரம் விசிஷ்ட சேவா பதக்கம், பொதுவாக இந்த மாதிரி உச்சப் பதவிக்கு வந்தபிறகு கிடைப்பது. ஆக, வாழ்க்கையை எழுதுகிறவர் பல பெயர்களில் இந்த எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் படித்தால் கதை ஓரளவு தானாக விழும்.

‘ஓரளவு’ என்று சொன்னதற்குக் காரணம், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஆண்டையும் அப்போதைய பதவியையும் எழுதினால்தான் முழுதாகப் புரியும். முன்னாள் தளபதி பி.எஸ்.தனோவாவுக்கு பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., ஒய்.எஸ்.எம்., வி.எம். இதில் யுத்த சேவா பதக்கம் 1999 கார்கில் சமயத்தது, அப்போது அவர் மிக்-21 ஓட்டும் 17ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படையணியின் கமாண்டர். மலைமேல் தாக்குதலுக்குப் படையணியை நடத்திய மனிதர், 2016 டிசம்பர் கடைசியில் விமானப்படைத் தளபதி. ‘நான்கு பதக்கங்கள் பெற்றவர்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘கார்கிலில் ஸ்குவாட்ரனை நடத்தியவர்’ என்று எழுதினால் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

எழுத்துகள் கிடைக்காமல் சீருடைப் படம் மட்டும் கையில் இருந்தால் ரிப்பன்களைப் பாருங்கள். இடது மார்பில் விமானியின் சிறகுச் சின்னம், அதற்குக் கீழே ரிப்பன் வரிசைகள். மேல் வரிசையில், நெஞ்சின் நடுப்பக்கம் இருப்பதுதான் உயர்ந்தது. பொன்னிறத்தில் ஒரு கருநீலக் கோடு ஓடினால் பரம் விசிஷ்ட, இரண்டு கோடு அதி விசிஷ்ட, மூன்று கோடு விசிஷ்ட. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும், நம் பையன்கள் மாற்றித்தான் சொல்வார்கள். பாதி கருநீலம் பாதி காவி என்றால் வீர் சக்ரா. சாய்ந்த கோடுகளாகச் சாம்பலும் ஆரஞ்சும் மாறி மாறி வந்தால் வாயு சேனா பதக்கம். ரிப்பன் மேலேயே குட்டியாகச் சின்னம் ஒன்று ஒட்டியிருந்தால் அதே விருதை மறுபடியும் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம், அதைத்தான் ‘பார்’ என்பார்கள்.

கீழ் வரிசைகளை எண்ணி ‘பதினைந்து பதக்கங்கள் வென்றவர்’ என்று எழுதும் ஆசை வரும். வேண்டாம். அதில் பலதும் 9, 20, 30 ஆண்டு சேவைக்கானவை, சுதந்திரத்தின் 25ஆம், 50ஆம் ஆண்டுகளில் பணியில் இருந்த எல்லோருக்கும் தந்தவை. ஆனால் தூக்கிப்போடாதீர்கள், அவற்றுக்கு வேறு உபயோகம் உண்டு. அந்த 25ஆம், 50ஆம் ஆண்டு நினைவுப் பதக்கங்கள் இரண்டும் ஒருவர் மார்பில் இருந்தால் 1972லும் 1997லும் அவர் சீருடையில் இருந்திருக்கிறார். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971ல் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை.

அமெரிக்கக்காரர் யாரையாவது எழுதுவதானால் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே விமானப்படையிலும் ஜெனரல்தான். 1941ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1947 அக்டோபர் 14 அன்று எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டிய சக் யேகர், 1975ல் பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அவர்களிடம் பாருக்குப் பதில் ரிப்பன் மேல் ஓக் இலைச் சின்னம். ஒரு விருதோடு இரண்டு வெண்கல இலை என்றால் மொத்தம் மூன்று முறை, ஒரு வெள்ளி இலை ஐந்து வெண்கல இலைகளுக்குச் சமம்.

ஆள் நேரில் கிடைத்தால் ‘பயமாக இருந்ததா சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஸ்குவாட்ரன், எந்த விமானம், எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேளுங்கள். பறந்த கணக்கைக் குறித்து வைக்கும் லாக் புக்கை எடுத்து வரச் சொன்னால் இன்னும் நல்லது, தேதிவாரியாக எல்லாம் அதில் இருக்கும், பேச்சு அதிலிருந்தே கிளம்பும். வீரதீர விருது என்றால் எதற்காகக் கொடுத்தார்கள் என்ற அறிவிப்பு வாசகத்தைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி வெளியாகும் பட்டியல்களில் ஆரம்பித்தால் போதும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தகரப் பெட்டிக்குள் தாத்தாவின் பதக்கங்கள் கிடக்கிற வீடுகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதே வழிதான். பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். பளபளப்பாக்குகிறேன் என்று புளியைப் போட்டுத் தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள், அந்த எழுத்தே மழுங்கிவிடும்.

எல்லாம் எழுதி முடித்ததும் ஃபிளெக்ஸ் கடைக்குப் போகும் முன் வாசகத்தை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இந்த வருடம் நான் அனுப்பினேன். ‘மாவீரர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, நான் விட்டுப்போன ஸ்குவாட்ரன் எண்ணைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.