புது ஓடிஜி: மாவு கலக்கும் முன் அடுப்பைப் பழகுங்கள்

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல வீடுகளில் பிளம் கேக் வேலை தொடங்கிவிடும். புது ஓடிஜியில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) வைத்த கேக் மேலே கருகி, நடுவில் மாவாகவே நின்றால் பலரும் மாவுக் கூட்டைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் நாப்பில் 180 வைத்தால் உள்ளேயும் 180 டிகிரி இருக்கும் என்று நம்புவதில்தான் இருக்கிறது.

முதலில் கரண்ட். 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் சொருகினால் பிளக் சூடேறி இளகும். 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

ட்ரேயையும் கம்பித்தட்டையும் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வெறும் ஓவனை மேலும் கீழும் உள்ள இரண்டு சூட்டு ராடும் எரியும்படி 200-ல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். புகையும் வாடையும் வரும். ராடில் பூசி அனுப்பிய எண்ணெய் எரிவதுதான் அது, பயப்பட வேண்டாம்.

அடுத்து சீனிச் சோதனை. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரு ஸ்பூன் சீனியை அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் போல மடித்துப் போட்டு, 175-ல் நன்றாகச் சூடேறிய ஓவனின் நடுத்தட்டில் 15 நிமிடம் வையுங்கள். சீனி மணி மணியாக அப்படியே இருக்க வேண்டும். பிறகு 190-க்கு ஏற்றி, புதுச் சீனியோடு இன்னொரு 15 நிமிடம். இப்போது ஓரம் இளகிப் பாகாக வேண்டும். 175-லேயே உருகினால் உங்கள் ஓவன் அதிகச் சூடு. இனி எந்தச் செய்முறையிலும் 15, 20 டிகிரி குறைத்தே வையுங்கள். 190-லும் உருகவில்லையென்றால் அதே அளவு கூட்டுங்கள்.

கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி 180-ல் சுட்டும் பாருங்கள். ஒரு மூலைத் துண்டு மட்டும் காபி நிறத்துக்குப் போயிருக்கும், வாசல் பக்கத்துத் துண்டு வெளுத்தே இருக்கும். கேக் முக்கால் வேக்காடு ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பிவைக்க வேண்டியது இதனால்தான்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இன்னொரு தொல்லை. 230 வோல்ட் 200 ஆனால் ராடின் வலு முக்கால் பங்குதான். ஓவனை முன்கூட்டியே சூடேற்றும் ப்ரீ ஹீட்டுக்கு 10, 15 நிமிடம் போதாது. முடிந்தால் காலையிலேயே கேக் வைத்துவிடுங்கள்.

அரைக்கிலோ கேக்குக்கு 7 அங்குலத் தட்டு, 170 முதல் 175 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். தட்டு சுவரைத் தொடாமல் சுற்றிலும் இரண்டு விரல் இடம் விடுங்கள். 25 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தால் நடு அமுங்கிப்போகும். நடு குன்றுபோல் எழும்பி வெடித்தால் சூடு அதிகம். பழம் நிறைந்த பிளம் கேக் கனமானது. தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டு, 150-ல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். மேலே நிறம் பிடித்ததும், ராடில் படாதபடி அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள்.

டைமரில் ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் முதலில் 10-ஐத் தாண்டித் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவாருங்கள். நேரே ஐந்தில் வைத்தால் சில ஓவன்களில் மணி அடிக்காது.

சாளை (மத்தி மீன்) சுட மேல் ராடு மட்டும், 220 டிகிரி. இடையில் ஒரு தடவை திருப்பி, 10 முதல் 12 நிமிடம். அயிலைக்கு (கானாங்கெளுத்தி) இன்னும் ஐந்து நிமிடம் கூடும். செக்குத் தேங்காயெண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும், அதனால் தொட்டுத் தடவினால் போதும். சாளைக்குத் தன் நெய்யே உண்டு. அது சொட்டிக் கருகாமலிருக்க, கீழ் ட்ரேயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவையுங்கள்.

குமரி மாவட்டத்தில் இரண்டு மழைக்காலமும் பெய்யும், கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. ஓவனுக்குள் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் ஆறும்வரை கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சூடான கண்ணாடியில் ஈரத்துணி வைத்தால் விரிசல் விழும். கறை போகத் தேய்க்கும் சமையல் சோடாக் கலவை ட்ரேக்கு மட்டும்தான், ராடில் படக்கூடாது. தூள் விழும் தட்டில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள், சூடு கீழ் ராடுக்கே திரும்பும்.

மீன் சுட்ட அன்று கேக் வைக்க வேண்டாம். அவசரமென்றால் ட்ரேயைக் கழுவி, வெறும் ஓவனை எலுமிச்சைத் தோலோடு 150-ல் கால் மணி நேரம் ஓடவிட்டு, வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுக் கேக்கை வையுங்கள்.