யாழ்ப்பாணத்து வெக்கையில் கேக் அடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் கேக்கைச் சுடுவதாகப் பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. ‘நாளைக்குக் கேக் அடிக்க வேண்டும்’ என்பதே வழக்கு. இந்தச் சொல்லில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒவனின் கதவை மூடிய பிறகு நாம் செய்யக்கூடியது சொற்பம், அடிக்கும்போது நடப்பதோ முழுவதும் நமது கையில் இருக்கிறது. கேக் பொங்குவதற்கு வேண்டிய காற்றைச் சீனியின் பருக்கைகளே பட்டருக்குள் கொண்டுசெல்கின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை, அடிக்கும்போது உள்ளே புகுந்த குமிழிகளைப் பெருக்க மட்டுமே செய்கிறது. எனவே சரியாக அடிபடாத கலவையில் எத்தனை கரண்டி பேக்கிங் பவுடரைக் கொட்டினாலும் கேக் கல்லாகத்தான் வரும்.

இங்கேதான் நமது ஊரின் வெக்கை குறுக்கே நிற்கிறது. பட்டர் காற்றை நன்றாகப் பிடித்து வைத்திருப்பது ஏறக்குறைய 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் ஆகும். ‘அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்’ என்று செய்முறைகளில் காணப்படும் தொடர் குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சித்திரை, வைகாசி மாதங்களில் நமது குசினிகளில் முற்பகலிலேயே வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது. பட்டரோ 32 பாகையளவில் உருகத் தொடங்கும் பொருள். செய்முறையை நம்பிப் பட்டரை இரண்டு மணித்தியாலம் மேசையில் வைத்திருந்தால், அடிப்பதற்கு முன்பே அது எண்ணெயாகிவிடும். ஆகவே கேக் அடிப்பதற்கு விடியற்காலையையோ இரவு எட்டு மணிக்குப் பிந்திய நேரத்தையோ தெரிவு செய்யுங்கள். பட்டரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது.

பட்டர் கேக்

‘ஒரு இறாத்தல் கேக்’ என்று நமது வீடுகளில் சொல்வது முழுக் கேக்கின் நிறையை அன்று. பட்டர், சீனி, மா ஆகிய ஒவ்வொன்றும் ஓர் இறாத்தல் என்பதே அதன் பொருள். பழைய இறாத்தல் 454 கிராம். இன்று 500 கிராம் பொதிகளையே எடுத்துக்கொண்டு பத்து முட்டைகளைச் சேர்க்கிறோம். முதன்முறை செய்பவர் அதில் பாதியோடு தொடங்குவது நல்லது: பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் மட்டமாக 2 தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி, பால் 3 மேசைக்கரண்டி. ஓடு நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம் இருப்பதால், ஐந்து முட்டைகளும் 250 கிராமாகி நான்கு பொருள்களும் சமநிறையில் நிற்கின்றன. பட்டரில் பாதியை மாஜரீனாக மாற்றுவதில் எந்தக் குறையும் இல்லை; மாஜரீன் வெக்கையில் பட்டரைவிடச் சற்று இறுக்கமாக நிற்பதால், தொடக்கத்தில் இந்தப் பாதிக்குப் பாதி முறையையே நான் பரிந்துரைப்பேன். மணத்தில் சிறிது குறையும் என்பது உண்மைதான்.

கடைச் சீனி பருக்கை பெரிதாக இருந்தால், அதை மிக்ஸியில் ஐந்து விநாடி மட்டும் ஓடவிடுங்கள். மாவாக அரைத்துவிட்டால் பட்டருக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் கூர்மை சீனிக்கு இல்லாமற் போய்விடும். மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து அரிதட்டில் இரண்டு முறை அரித்து வையுங்கள். பேக்கிங் பவுடர் நெடுநாள் திறந்திருந்தால், அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்காவிட்டால் அதைக் கைவிட்டுப் புதிதாக வாங்குவதே மேல்.

பட்டரையும் சீனியையும் சேர்த்து, பீட்டரால் எட்டு முதல் பத்து நிமிடங்கள், அல்லது மரக்கரண்டியால் இருபது நிமிடங்களுக்குக் குறையாமல், மஞ்சள் நிறம் வெளிறி ஏறக்குறைய வெண்மையாகும் வரை அடிக்க வேண்டும். இடையில் கலவை மினுமினுத்து இளகத் தொடங்கினால், அடிப்பதை நிறுத்திப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீருள்ள தாம்பாளத்தில் ஐந்து நிமிடம் இருத்திவிட்டுத் தொடருங்கள். நமது குசினிகளில் தோற்றுப்போகும் கேக்குகளிற் பல இந்த ஐந்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாததால் தோற்றவை.

முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பின்னரே கலவையில் சேருங்கள். ஐந்தாவது முட்டை கூழாக இருந்து முழுக் கலவையையும் கொட்ட நேர்ந்த ஒரு நாளுக்குப் பிறகு நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முட்டை நன்றாகச் சேர்ந்த பின்னரே அடுத்ததை ஊற்ற வேண்டும். கலவை திரிந்ததுபோலத் தோன்றினால், அரித்த மாவில் ஒரு மேசைக்கரண்டியைச் சேர்த்து அடியுங்கள், அது கூடிவிடும். மா சேரும் கட்டத்தில் பீட்டரை முற்றாக ஒதுக்கிவிட்டு, மாவை மூன்று பங்காகப் பிரித்து, பாலை இடையிடையே விட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேருங்கள். மாவை அடித்தால் அதிலுள்ள பசைத்தன்மை இறுகி, கேக் றொட்டியின் குணத்தைப் பெற்றுவிடும்.

பலருக்குப் பங்கிடும் நோக்கமிருந்தால் வட்டத் தட்டைவிட 8 அங்குலச் சதுரத் தட்டே வசதியானது. ஐந்துக்கு ஐந்தாக வெட்டினால் 25 துண்டுகள் கிடைக்கும். தட்டுக்கு ஒயில் பேப்பர் விரித்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல் கலவையை ஊற்றுங்கள். 170 பாகையில் முன்கூட்டியே 15 நிமிடம் சூடாக்கிய ஒவனின் நடுத்தட்டில் வைத்து, 45 முதல் 55 நிமிடம் வரை வேகவிடுங்கள். முதல் அரைமணிக்கு எக்காரணம் கொண்டும் கதவைத் திறக்க வேண்டாம். அதன்பின் கழுவித் துடைத்த ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்திப் பார்க்கலாம்; ஈர மா ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. மேற்பக்கம் எரிமலைபோல வெடித்தால் ஒவனின் சூடு அதிகம். நடு தாழ்ந்தால் கதவு முந்தித் திறக்கப்பட்டிருக்கும், அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கும். அடியில் களிபோல ஒரு படை தென்பட்டால் பட்டர் உருகியிருந்தது என்று கொள்ளலாம்.

2022இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே கேக்குக்கு நாள் குறித்தோம். இன்றும் வேகும் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். அரைமணி கடந்த கேக் என்றால், ஒவனில் தேங்கியுள்ள சூடு பெரும்பாலும் அதைக் காப்பாற்றிவிடும்.

ஒவன் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. போர்க்காலத்தில், மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகளில், குடாநாட்டு வீடுகளில் கேக் மணலில்தான் வெந்தது. அகன்ற பழைய தாச்சியிலோ தடித்த அலுமினியச் சட்டியிலோ கழுவி உலர்த்திய மணலை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, மூடிக் கால் மணித்தியாலம் சூடாக்கி, சிறு வளையம் ஒன்றின் மேல் கேக் தட்டை வைத்து, தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைக் கரியின் தணலைப் பரப்ப வேண்டும். கீழே நெருப்பு மெல்லியதாக இருக்கட்டும். மேற்புறம் சிவப்பதற்குக் காரணம் மேலுள்ள தணலே. நேரம் ஒவனைவிடச் சற்றுக் கூடும். இந்தக் கேக்குக்கு ஒவன் கேக்கில் இல்லாத ஒரு புகைவாசம் உண்டு. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விரத நாள்களுக்கு முட்டையில்லாத் தயிர்க் கேக்

நல்லூர்க் கந்தனின் திருவிழா நடைபெறும் 25 நாள்களிலும், கந்தசஷ்டியின் ஆறு நாள்களிலும், வெள்ளிக்கிழமைகளிலும், நமது நண்பர்களில் பலர் முட்டையைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய கேக் இது. தயிர் 1 கோப்பை, சீனி முக்கால் கோப்பை, தேங்காயெண்ணெய் அல்லாத மணமற்ற எண்ணெய் அரைக் கோப்பை, கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி. சட்டித் தயிர் மிகவும் தடிப்பாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பாலில் தளர்த்திக்கொள்ளுங்கள்.

தயிரில் சீனியைக் கரைத்து, அப்பச்சோடாவையும் பேக்கிங் பவுடரையும் தூவிக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டால் கலவை நுரைத்து எழும். புளிப்பும் சோடாவும் சேர்வதால் உண்டாகும் வாயு அது. பின்னர் எண்ணெயையும் வனிலாவையும் ஊற்றி, மாவைப் புரட்டிச் சேர்த்து, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஒவனுக்குள் வையுங்கள். இங்கே காற்றைப் பிடித்து வைக்கப் பட்டரும் முட்டையும் இல்லாததால், காத்திருக்கும் கலவை அடங்கிவிடும். 180 பாகையில் 35 முதல் 40 நிமிடம் போதும். நன்றாகக் கனிந்த கதலிப் பழம் ஒன்றை மசித்துச் சேர்ப்பதானால் தயிரில் கால் கோப்பையைக் குறைத்துக்கொள்ளுங்கள். விரதகாரருக்குக் கொடுக்கும்போது தட்டும் கரண்டியும் முட்டை படாதவையாக இருப்பதைச் சிலர் எதிர்பார்ப்பார்கள். கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிக் கொடுப்பதே மரியாதை.

பனங்கட்டி வட்டிலப்பம்

இது மலாய், முஸ்லிம் வீடுகளின் பலகாரமாக நம்மிடம் வந்தது. கித்துள் சர்க்கரைக்குப் பதிலாகப் பனங்கட்டியைச் சேர்க்கும்போது வேறொரு சுவை வருகிறது. குட்டான் எனப்படும் சிறு ஓலைப்பெட்டியிலிருந்து உடைத்த பனங்கட்டி 250 கிராமை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடியுங்கள். பதநீர் புளிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் சுண்ணாம்பின் எச்சமும் ஓலைத்துணுக்குகளும் அடியில் தங்கியிருக்கும் என்பதால் வடித்தல் கட்டாயம். முட்டை 6, தேங்காய் முதற்பால் 300 மில்லிலீற்றர், பொடித்த ஏலக்காய் 5, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை.

கேக்குக்குச் சொன்ன அனைத்தும் இங்கே தலைகீழாகிவிடுகின்றன. காற்று வட்டிலப்பத்தின் பகை. முட்டையை அடிக்காமல், முள்ளுக்கரண்டியால் நுரைவராது கலக்கி, மற்றவற்றைச் சேர்த்து, மீண்டும் வடித்து, மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் வாயைக் கடதாசியால் இறுக மூடாவிட்டால் ஆவிநீர் சொட்டி மேற்பரப்பைக் குழியாக்கும். மெல்லிய ஆவியில் 40 முதல் 45 நிமிடம், சிறு கிண்ணங்களானால் 20 நிமிடம் அவியுங்கள். நீர் கொதித்துக் குதித்தால் வட்டிலப்பம் இடியப்பம்போலத் துளைதுளையாகிவிடும். சிலர் அதையே விரும்புகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். இதை வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுங்கள், வெளியே கொண்டுசெல்ல வேண்டாம்.

பங்கிடுதல்

பட்டர் கேக்கை அடுத்த நாளே வெட்டுங்கள். அன்றே வெட்டினால் உதிரும். முற்றாக ஆறாத துண்டை ஒயில் பேப்பரில் சுற்றினால் உள்ளே வியர்த்து இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். நமது வெக்கையில் மூன்று நாள் வரை வெளியே நல்ல நிலையில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் கொடுப்பதற்கு அரைமணிக்கு முன் வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் பட்டர் இறுகிக் கேக் பழையதுபோலத் தோன்றும். எறும்புக்கு மருந்து தேட வேண்டாம். கேக் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே, கவிழ்த்த கிண்ணமொன்றின் மேல் இருத்தினால் போதும்.

பட்டர் ஐசிங் வேண்டாம் என்பதே எனது கருத்து. மத்தியானப் பிறந்தநாள் ஒன்றில் மெழுகுதிரி கொளுத்துமுன்பே பூக்கள் வழிந்து கீழிறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் புடிங்கும் இதே காரணத்தால் பயணத்துக்கு ஆகாது. நெடுநாள் இருக்க வேண்டிய கேக் வேண்டுமென்றால் லவ் கேக்கை நாடலாம். சீனி, கஜு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணி ஆகியவை நிறைந்த அது வாரக்கணக்கில் கெடாது. ஆனால் செலவும் வேலையும் மிகுந்தது, பட்டர் கேக் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் முட்டை, பால், கஜு ஆகியவற்றில் எவை உள்ளன என்று எழுதிவிடுங்கள். முஸ்லிம் நண்பர்களுக்கான புடிங்கில் ஜெலற்றினுக்குப் பதிலாகக் கடற்பாசியையே சேருங்கள். பிராந்தி ஊற்றிய றிச் கேக்கைக் கொடுக்கவே வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்காகப் பட்டர் கேக்கின் சீனியை 250 கிராமிலிருந்து 200 கிராமாகக் குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் கேக்கின் மென்மை கெடும் என்பதால், துண்டைச் சிறிதாக வெட்டிக் கொடுப்பதே பொருத்தம். கொடுக்கும் பாத்திரம் நல்லதாக இருந்தால் அது வெறுமையாகத் திரும்பி வராது என்பதும் நமது ஊர் வழக்கம். எனக்கு ஒருமுறை பனங்கிழங்கு வந்தது.

தென்மராட்சிக்கோ, பண்ணைப் பாலம் கடந்து வேலணைக்கோ கேக் கொண்டுசெல்வதானால் காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். பெட்டியை மோட்டார் சைக்கிளின் கைபிடியில் தொங்கவிடாமல், பின்னால் இருப்பவரின் மடியில் மட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுக்கும்போது எந்த நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதையும் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.