ஒன்றிய வேளாண் அமைச்சகத்துக்கு மனு எழுதும் முன்: எந்த அதிகாரம் யாரிடம், எப்படிக் கேட்பது?

ஐப்பசி மழையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் படுதா போட்டு மூடிய குறுவை நெல்லைச் சுற்றிக் காவல் இருந்தவர்களுக்கு, ஈரப்பதம் பார்க்கும் கருவி 19 என்று காட்டும்போது வயிறு எப்படிக் கலங்கும் என்பது தெரியும். 17 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க விதி இல்லை என்பார்கள். அன்று இரவே ஊரில் கூடி, 'மாண்புமிகு ஒன்றிய வேளாண்மைத் துறை அமைச்சர் அவர்களுக்கு' என்று தொடங்கி ஒரு மனு எழுதுவோம். நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனுவால் ஒரு மூட்டை நெல்கூட உள்ளே போகவில்லை. காரணம், ஈரப்பதத் தளர்வை அளிக்கும் அதிகாரம் வேளாண் அமைச்சகத்திடம் இல்லை. அது ஒன்றிய உணவுத் துறையிடம் இருக்கிறது, அதையும் மாநில அரசு எழுதிக் கேட்டால்தான் அத்துறை பரிசீலிக்கும். ஆகவே அந்த மனு மாவட்ட ஆட்சியருக்கும் மாநில உணவுத் துறைச் செயலாளருக்கும் போயிருக்க வேண்டும். 'தளர்வு கேட்டு ஒன்றிய உணவுத் துறைக்கு உடனே எழுதுக' என்பதே அதன் ஒற்றைக் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

எனவே பேனாவை எடுப்பதற்கு முன், அந்த அமைச்சகத்தின் எல்லை எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலில், 14-ஆம் இனமாக உள்ளது. அதனால் டெல்லியில் கிருஷி பவனில் இருக்கும் ஒன்றிய வேளாண் அமைச்சகம் பெரும்பாலும் திட்டம் வகுக்கிறது, நிதி ஒதுக்குகிறது, ஆராய்ச்சியை நடத்துகிறது. வயலுக்கு வருபவர்கள் மாநில அலுவலர்கள். 2015-இல் 'விவசாயிகள் நலன்' என்ற சொற்களும் சேர்ந்த இந்த அமைச்சகத்தின்கீழ் இப்போது இரண்டு துறைகள் உள்ளன: வேளாண்மை மற்றும் விவசாயிகள் நலத் துறை ஒன்று, வேளாண் ஆராய்ச்சி மற்றும் கல்வித் துறை மற்றொன்று. உரம் இரசாயன, உர அமைச்சகத்தைச் சேர்ந்தது. கால்நடையும் மீன்வளமும் 2019-இலும், கூட்டுறவு 2021-இலும் தனி அமைச்சகங்கள் ஆயின. தேயிலையும் காப்பியும் வணிக அமைச்சகத்தில் இருக்க, தென்னை வளர்ச்சி வாரியம் மட்டும் வேளாண்மையின்கீழ் இருக்கிறது.

வேளாண் அமைச்சரின் தலைமை எதுவரை செல்லும் என்பதையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1964 முதல் 1967 வரை இப்பொறுப்பில் இருந்த சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மை இரண்டுக்கும் ஒருசேர அமைச்சராக இருந்தார். செயலாளர் பி. சிவராமனையும் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களையும் துணைக்கொண்டு, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் உருவாகிவிட்டன. விதை, விலை, கொள்முதல் மூன்றும் ஒரே மேசைக்கு வந்ததால் பசுமைப் புரட்சி சாத்தியமாயிற்று என்பது என் கணிப்பு. இன்று 2024 ஜூன் முதல் பொறுப்பில் இருக்கும் சிவராஜ் சிங் சௌகான் அந்த மூன்றையும் தனியாக முடிவு செய்ய முடியாது. அவருடைய நேரடித் தலைமை வலுவாக இருப்பது ஆராய்ச்சியில். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகச் சங்கத்தின் தலைவர் வேளாண் அமைச்சரே, அதன் தலைமை இயக்குநரே ஆராய்ச்சித் துறையின் செயலாளரும் ஆவார். புதிய இரகம், பூச்சித் தாக்குதல் போன்றவற்றை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுத்துத் தொடங்குங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது.

அடுத்தது விலை. குறைந்தபட்ச ஆதரவு விலையை வேளாண் அமைச்சர் தாமாக அறிவிப்பதில்லை. வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பரிந்துரைக்க, பிரதமர் தலைமையிலான பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு முடிவு செய்கிறது. 2025-26-க்குச் சாதாரண நெல்லின் செலவைக் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாய் வைத்தார்கள். அந்தச் செலவில் கைச்செலவும் குடும்ப உழைப்பின் மதிப்பும் உண்டு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் இல்லை. ஆகவே 'விலையை உயர்த்துக' என்று மட்டும் எழுதினால் அது காற்றோடு போகும். நடவுக் கூலி, அறுவடை எந்திர வாடகை, குத்தகை, உரம் ஆகியவற்றை ஏக்கர் வாரியாக இரசீதுகளோடு எழுதி, பரிந்துரை தயாராகும் முன்பே அந்த ஆணையத்துக்கு அனுப்புங்கள். கொள்முதல் தொடங்கிய பின் அனுப்பும் கணக்கால் அந்தப் பருவத்துக்குப் பயன் இல்லை.

பி.எம். கிசான் என்னும் உழவர் உதவித்தொகை முழுவதும் ஒன்றிய நிதி. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 63,500 கோடி ரூபாய், அதாவது வேளாண்மைத் துறைக்கான ஒதுக்கீட்டில் ஏறத்தாழப் பாதி. ஆனாலும் பயனாளியின் நிலத்தைச் சரிபார்ப்பது மாநிலமே. தவணை நின்றுவிட்டால், நில விவரம் ஏறாததற்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமும், ஆதார் இணைப்புக்கு வங்கியிலும் முதலில் கேளுங்கள். அதன் பிறகு 155261 என்ற எண்ணை அழையுங்கள்.

பயிர்க் காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காரீஃப் உணவுப் பயிருக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபியில் 1.5, தோட்டப் பயிருக்கு அதிகபட்சம் 5 என்று வகுத்தது அமைச்சகம். எந்தக் கிராமத்துக்கு எந்தப் பயிர் என்று அறிவிக்கை வெளியிடுவதும், மாதிரி வயல்களில் மகசூலை எடைபோடும் அறுவடைப் பரிசோதனை நடத்துவதும் மாநிலம். பரவலான இழப்பில் உங்கள் வயல் மட்டும் கணக்கில் வராது, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலே வரும். அதனால் பரிசோதனைக்குத் தேர்வான வயலில் அளவு எடுக்கும் நாளன்று போய் நில்லுங்கள். எடையை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாள்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447-இல் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் வாதாடுவது மிகக் கடினம்.

இத்தனையும் பார்த்த பிறகும் விஷயம் அமைச்சகத்தினுடையதுதான் என்று உறுதியானால், ஒரு மனுவில் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். திட்டத்தின் பெயர், பருவம், வருவாய்க் கிராமம், ஏற்கெனவே கொடுத்த மனுவின் நாள் ஆகியவை முதல் பத்தியிலேயே வரட்டும். ஒன்றிய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்தால் பதிவு எண் கிடைக்கும். பதில் மழுப்பலாக வந்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காமல், 'என் மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு வட்டாரம் முழுவதையும் பாதிக்கும் விஷயமானால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வியை நீங்களே வடித்துக் கொடுங்கள். மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டவுடனே அதைக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். அதற்கு அமைச்சர் அவையில் வைக்கும் எழுத்துப் பதிலை அச்செடுத்து, அடுத்த மனுவில் முதல் இணைப்பாக வையுங்கள்.